சனிக்கிழமை ராத்திரி மட்டும்

விளாங்குடி, மதுரை
9.2.2025

அன்புள்ள செல்விக்கு,

மதினி எழுதுகிறேன். இங்கே மாமா, அத்தை, உன் அண்ணன், போன வாரம் பிறந்த கன்றுக்குட்டி எல்லாரும் சுகம். போலீஸ் பயிற்சியில் நீ சாப்பிடுகிறாயா, இல்லை ஓடிக்கொண்டே இருக்கிறாயா என்று எழுது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குக் கொடுக்கிற பத்து நிமிடத்தில் மாமா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார். பக்கத்து வீட்டு ஒச்சாயி அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்கிறார். போன வாரம் நீ, "தொப்பி வாரு தாடையில அறுக்குது மதினி" என்று ஆரம்பித்ததுமே மாமா, மகளைப் பேசவிடாமல் குறுக்கே வந்து, "வேற தொப்பி கேட்டு வாங்கிக்க ஆத்தா" என்று முடித்துவிட்டார். இவர்களை வைத்துக்கொண்டு முகத்துச் சமாச்சாரம் எங்கே பேசுவது?

வார் உரசி உரசித் தாடையில் சொரசொரப்பும் கறுப்பும் வந்திருக்கும். நெற்றியில் வியர்வைக் குருவும் இருக்கும். காளவாசல் பார்லரில் என்னிடம் வருகிற பெண் காவலர்களுக்கெல்லாம் இதே பாடுதான். பார்சலில் ஒரு டோனர் வைத்திருக்கிறேன். கிளைகாலிக் ஆசிட் என்று பெயர். பயப்படாதே, செத்த தோலைத் தளர்த்தி எடுக்கிற மெல்லிய அமிலம். விலை குறைந்த பாட்டில்தான், ஆனால் சரக்கு நல்லது. விலை குறைவு என்பதற்காகப் பன்னீர் மாதிரி தெளித்து விளையாடாதே.

முதலில் கையின் உட்பக்கம் ஒரு சொட்டு தடவி மறுநாள் வரை பார். சிவக்கவில்லை என்றால் முகத்துக்குப் போகலாம். நாள் முழுக்க வெயிலில் நிற்கிறவளுக்கு இதை அனுப்பலாமா என்று எனக்கே யோசனையாக இருந்தது. அதனால் சனிக்கிழமை ராத்திரி மட்டும் போடு. ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குக் கவாத்துப் பயிற்சி கிடையாது. முகத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பஞ்சில் நனைத்து ஒற்று. கண்ணோரம், உதட்டோரம், புண் பட்ட இடம் வேண்டாம். அதன்மேல் மாய்ஸ்சரைசர். மறுநாளிலிருந்து சன்ஸ்கிரீன் இல்லாமல் வெயிலில் காலை வைத்தால் எனக்கும் உனக்கும் பேச்சு கிடையாது. லேசாகச் சுருசுருத்தால் சரி. எரிந்தால் உடனே தண்ணீரை ஊற்றிக் கழுவிவிடு. அன்றைக்குக் கடலைமாவு, எலுமிச்சம்பழம் என்று எதையும் போட்டுத் தேய்க்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.
மதினி முத்துமீனா


பயிற்சிப் பள்ளி விடுதி
1.3.2025

அன்பு மதினிக்கு,

செல்வி எழுதுவது. நான் நலம். கால் இரண்டும் என்னுடையவை மாதிரி இல்லை, அது ஒன்றுதான் குறை. அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நீங்கள் சொன்னபடியே செய்தேன். தாடை இப்போது வழவழவென்று இருக்கிறது. விடுதியில் எல்லாரும் பிடித்து இழுத்துப் பார்க்கிறார்கள். எங்கள் மதினி மதுரையில் பெரிய பியூட்டிஷியன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். 'பெரிய' என்பதைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னேன்.

இனிமேல்தான் உண்மையான செய்தி. உட்கார்ந்துகொண்டு படியுங்கள். பயிற்சி முடிந்து ஜூனில் நடக்கப்போகும் பாசிங் அவுட் பரேடில் வாள் பிடித்து முன்னால் போகிற கமாண்டராக என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்! கவாத்து சொல்லிக்கொடுக்கிற ஏட்டம்மா, "உன் தொண்டை மைதானத்தோட அந்தக் கோடி வரைக்கும் கேக்குது" என்றார். அப்பா வயலின் இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்கு என்னைக் கத்த வைத்தது வீண் போகவில்லை. எனக்கு அடுத்த இடம் சத்யப்ரியாவுக்கு. நல்ல பெண். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு மட்டும் போன் வருவதில்லை. போலீஸ் வேலை வேண்டாம், கல்யாணம் செய்துகொள் என்று சொன்ன வீட்டோடு பேச்சு இல்லையாம்.

மதினி, அந்த டோனரில் இன்னும் நாலைந்து பாட்டில் அனுப்ப முடியுமா? கையிருப்புக்குத்தான்.

அன்புடன்
செல்வி


விளாங்குடி
12.3.2025

எங்கள் கமாண்டர் அம்மாளுக்கு,

முத்துமீனா விறைப்பாக நின்று ஒரு சல்யூட் வைக்கிறாள். வீட்டில் எல்லாரும் நலம். நலம் என்பது சின்ன வார்த்தை, வீடே தலைகால் புரியாமல் திரிகிறது. அத்தை முழங்கால் வலியையே மறந்துவிட்டார்கள். மாமா மொபெட்டில் வயலுக்குப் போகிறவர், வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் வண்டியை நிறுத்தி விஷயத்தைச் சொல்லிவிட்டு மத்தியானம் போய்ச் சேருகிறார். நேற்று மோட்டார் போடவே மறந்துவிட்டார்.

உன் அண்ணன் ராம்கி சும்மா இருப்பாரா? பஸ் நிறுத்தத்தில் பேனர் வைக்கப் போகிறாராம்.

பாட்டில்கள் அனுப்பியிருக்கிறேன். கையிருப்புக்கு என்றால் இத்தனை எதற்கு, குடிக்கிறாயா? தோழிகளுக்கு என்றால் தாராளமாகக் கொடு, ஆனால் நான் எழுதிய அத்தனையும் அவர்களுக்கும் சேர்த்துத்தான். ஒவ்வொருத்தி தோலும் ஒவ்வொரு மாதிரி. ஒருத்திக்குப் பளபளப்பு கொடுப்பது இன்னொருத்திக்கு எரிச்சல் கொடுக்கும். கையில் தடவிப் பார்க்காமல் யாரும் முகத்தில் வைக்கக் கூடாது. போடும் நேரம் உனக்குத் தெரியும்.

உடம்பைக் கவனி. தொண்டையையும்.
மதினி


பயிற்சிப் பள்ளி விடுதி
6.4.2025

அன்பு மதினிக்கு,

நலம். நீங்கள் எல்லாரும் நலமா?

என் தோழி ஒருத்திக்கு அந்த டோனர் ஒத்துக்கொள்ளவில்லை. முகம் சிவந்து, கன்னத்திலும் தாடையிலும் தோல் உரிகிறது. தண்ணீர் பட்டாலே எரிகிறது என்கிறாள். என்ன செய்ய வேண்டும் என்று உடனே எழுதுங்கள்.

அண்ணன் பேனர் வைப்பதாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இப்போதெல்லாம் பேனருக்கு அனுமதி வாங்க வேண்டும்.

செல்வி


விளாங்குடி
10.4.2025

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வந்த கையோடு எழுதுகிறேன். சுகம் எல்லாம் பிறகு.

டோனரை நிறுத்தச் சொல். சோப்பு, ஸ்க்ரப், மஞ்சள், பவுடர், கற்றாழை, கண்ட களிம்பு ஒன்றும் வேண்டாம். வெறும் பச்சைத் தண்ணீரில் கழுவி, மென்மையாக ஒற்றி, வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரைத் தாராளமாகப் பூசட்டும். உரிகிற தோலைப் பிய்த்தால் தழும்பாகும், கையைக் கட்டி வைத்துக்கொள்ளச் சொல். வெயிலில் போகாமல் இருந்தால் ரொம்ப நல்லது, முடியாதென்றால் நிழலில் நிற்கக் கேட்கட்டும். கொப்புளம் இருந்தாலோ, நீர் கோத்தாலோ, இரண்டொரு நாளில் எரிச்சல் அடங்காவிட்டாலோ உங்கள் ஆஸ்பத்திரி டாக்டரிடம் காட்ட வேண்டும். நான் பார்லர்க்காரி, டாக்டர் இல்லை.

ஒன்று கேட்கிறேன். சனிக்கிழமை ராத்திரி போட்டால் இப்படி ஆக வாய்ப்புக் குறைவு. அந்தத் தோழி எப்போது போட்டாள்? எதன்மேல் போட்டாள்? தோழிக்குப் பெயர் உண்டா?

பேனர் விஷயம் கைமீறிவிட்டது. உன் கடிதத்துக்கு முன்பே பஸ் நிறுத்தத்தில் ஏறிவிட்டது. 'வாளேந்தி வழிநடத்தும் விளாங்குடியின் வீரமங்கை' என்று போட்டு, எந்த டோனராலும் முடியாத அளவுக்கு உன் முகத்தை வெள்ளையடித்திருக்கிறார் உன் அண்ணன். மாமா தினமும் அதன் கீழே மொபெட்டை நிறுத்தி ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் போகிறார்.

உடனே பதில் போடு.
மதினி


விளாங்குடி
4.5.2025

செல்விக்கு,

இங்கே எல்லாரும் நலம். அங்கே எப்படி என்று தெரியவில்லை, ஏனென்றால் நீ எழுதவில்லை.

மூன்று வாரமாகப் போனில், "நல்லாருக்கேன், சாப்பிட்டேன், வச்சிரவா" என்பதற்கு மேல் உன் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. இன்றைக்கு மாமா, "வாளு எம்புட்டு கனம் ஆத்தா?" என்று கேட்டார். நீ மழை பெய்கிறது என்றாய். சித்திரை வெயில் இங்கே மண்டையைப் பிளக்கிறது, உன் ஊரில் மட்டும் மழையா? வேறு யாரிடமாவது காது குத்து. அந்தத் தோழி யார் என்று எனக்குத் தெரியும் செல்வி. மீதியைச் சொல்.

பிழையாகவே இருக்கட்டும். பூசி மெழுகாமல் எழுது. இந்தக் கடிதங்களை என்னைத் தவிர யாரும் பிரிப்பதில்லை.

முத்துமீனா


பயிற்சிப் பள்ளி விடுதி
11.5.2025

அன்பு மதினிக்கு,

முகம் ஆறிவிட்டது. டாக்டர் அம்மாவிடம் காட்டினோம். ஆம், காட்டினோம். தோழி ஒருத்தி இல்லை மதினி. எங்கள் படைப்பிரிவு முழுவதும்.

ஏப்ரல் முதல் வாரத்தில் பெரிய அதிகாரி ஒருவர் பார்வையிட வருவதாக இருந்தது. பத்திரிகைக்காரர்களும் வருவார்கள் என்றார்கள். எல்லார் தாடையிலும் தொப்பி வாரின் தடம். என் படைப்பிரிவு பளபளவென்று நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்காகத்தான் அத்தனை பாட்டில் கேட்டேன். அன்று காலை எல்லாரும் எண்ணெய் தேய்த்து, கடலைமாவும் எலுமிச்சம்பழமும் போட்டுத் தேய்த்துக் குளித்திருந்தார்கள். நீங்கள் வேண்டாம் என்று எழுதியதேதான். உடனே பளபளப்பு தெரிய வேண்டுமே என்று நானே எல்லாரையும் வராந்தாவில் வரிசையாக நிறுத்தினேன். "பஞ்சு எடு! ஊத்து! பூசு!" என்று கவாத்து மாதிரி கமாண்ட் கொடுத்தேன். ஒரே சிரிப்பு. ஒருத்தி, "ராத்திரிதான போடணும்னு சொன்ன?" என்று கேட்டாள். "ஒரு நாளைக்குக் காலையில போட்டா என்ன ஆயிரும்?" என்றேன். அன்றைக்குச் சமையல் வேலை அவள் முறை என்பதால் சத்யப்ரியா மட்டும் போடவில்லை.

ஒன்பது மணிக்கெல்லாம் மைதானத்தில் அத்தனை முகமும் மிளகாய் அரைத்துத் தடவினது போல் எரிந்தது. இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். அதிகாரி வருவதற்குள் இன்ஸ்பெக்டர் அம்மா ஓடி வந்தார். குளித்த தண்ணீரில்தான் ஏதோ கோளாறு என்று யாரோ சொல்ல, தண்ணீர்த் தொட்டி பார்க்கிற சங்கிலி அண்ணனைக் கூப்பிட்டார்கள். பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டிவிட்டார் என்று ஆளாளுக்குப் பேச்சு. அவர் தற்காலிக வேலைக்காரர். "நான் அளந்துதாம்மா போட்டேன், பிள்ளைக மேல சத்தியம்" என்று நடு மைதானத்தில் கைகூப்பி நின்றார். பின்வரிசையிலிருந்து ஒருத்தி என்னிடம், "சும்மா நில்லு, உன் வாளு போயிரும்" என்றாள்.

அவள் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். அந்த மனிதர் கைகூப்பி நிற்பதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா நிற்பது? ஒரு அடி முன்னால் வைத்து, "தண்ணியில ஒண்ணும் இல்லைங்கம்மா, நான்தான் பூசச் சொன்னேன்" என்றேன். அன்று மாலையே வாள் சத்யப்ரியாவிடம் போய்விட்டது. நான் மூன்றாவது வரிசையில் நடக்கிறேன்.

அப்பாவிடம் சொல்லாதீர்கள் மதினி. பேனர் கீழே நிற்கிறார் என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை.

செல்வி


விளாங்குடி
17.5.2025

அன்புள்ள செல்விக்கு,

நாங்கள் நலம். நீ நலமாக இரு.

உன் கடிதத்தைப் பார்லரில் வைத்துப் படித்தேன். நெற்றிப்பொட்டு தெறிக்கிற அளவுக்குக் கோபம். எலுமிச்சம்பழத்தின்மேல் ஆசிட்டா? காலையிலா? அதோடு வெயிலில் நின்றீர்களா? ஒவ்வொரு வரியும் எழுதித்தானே அனுப்பினேன்! நீ என் எதிரில் இருந்திருந்தால் முட்டிபோட வைத்திருப்பேன். தோழி என்று என்னிடமே கதை விட்டாயே, அதற்குத் தனியாக இன்னொரு முட்டி.

பிறகு அந்த ஒரு அடிக்கு வந்தேன். புருவம் திருத்த வந்து உட்கார்ந்திருந்த பெண், "ஏன்க்கா அழுறீங்க?" என்று கேட்டாள். "எங்க வீட்டுப் பிள்ள பெரிய ஆளாயிட்டா" என்றேன். அவள் என்ன நினைத்தாளோ, வாழ்த்துச் சொன்னாள். நானும் வாங்கிக்கொண்டேன்.

மாமாவிடம் நான் சொல்லப்போவதில்லை. ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார், மைதானத்தில் போய்த் தெரிந்துகொண்டால் தாங்கமாட்டார். அத்தனை பேர் முன்னால் சொன்னவளுக்கு அப்பாவிடம் சொல்ல வராதா? நீயே எழுது. அவர் பெயருக்குப் போடு.

சன்ஸ்கிரீனை விட்டுவிடாதே. புதுத்தோல் வெயிலில் சீக்கிரம் கறுக்கும்.
மதினி


பயிற்சிப் பள்ளி விடுதி
21.5.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

செல்வி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமா?

நான் வாள் பிடிக்கவில்லை அப்பா. சத்யப்ரியா என்கிற பெண் பிடிக்கிறாள். நான் செய்த தப்பால் போனது. என்ன தப்பு, அன்றைக்கு மைதானத்தில் யார் கைகூப்பி நின்றார், நான் ஏன் வாயைத் திறந்தேன் என்று பின்பக்கம் முழுவதும் எழுதியிருக்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

பேனரைப் பார்த்து ஊரில் கேட்பார்கள். உங்களுக்குத் தலைகுனிவு வந்துவிட்டது என்றால் பரேடுக்கு வர வேண்டாம். சத்யப்ரியா வீட்டிலும் யாரும் வரமாட்டார்கள். அவளுக்கு நான், எனக்கு அவள் என்று நின்றுகொள்வோம்.

உங்கள் மகள்
தமிழ்ச்செல்வி


விளாங்குடி
1.6.2025

அன்புள்ள செல்விக்கு,

எல்லாரும் உடம்புக்கு நலம். மனதைப் பற்றி ஒருவருடையதுதான் தெரியவில்லை.

மாமாவுக்குக் கடிதம் வந்தது. மொபெட்டை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்ப் படித்தார் போலிருக்கிறது. மறுநாள் காலையில் பஸ் நிறுத்தத்தில் பேனரைக் காணோம். தேடிப்பார்த்தால் மாட்டுக்கொட்டகைக் கூரையில் கிடக்கிறது, உன் முகம் வானத்தைப் பார்க்க. உன் அண்ணன் கோபமாகக் கேட்டதற்கு, "அதுல எழுதிருக்கது பொய்யி" என்று ஒரே சொல்தான். பரேடுக்கு வேன் எடுக்கிறோம். அவர் வருவாரா என்று கேட்க எங்கள் யாருக்கும் தைரியம் இல்லை.

நான் வருகிறேன். அது நிச்சயம்.
மதினி


விளாங்குடி
16.6.2025

அன்புள்ள காவலர் தமிழ்ச்செல்விக்கு,

நாங்கள் சுகமாக வந்து சேர்ந்தோம். பரேடு முடிந்த கையோடு உங்களைக் கோயில் திருவிழாப் பந்தோபஸ்துக்கு வண்டியேற்றிவிட்டார்கள். பேச ஐந்து நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. மாமா உன் தொப்பியைச் சரி செய்ததற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை என்று உனக்கு மனசு அடித்துக்கொண்டிருக்கும். நீ வரிசையில் நேர்ப்பார்வை பார்த்து நின்றபோது பந்தலில் நடந்தது உனக்குத் தெரியாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

புறப்படும் நாளில் விடியும் முன்பே குளித்து, வெள்ளை வேட்டி கட்டி வேனின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார் மாமா. யாரும் அழைக்கவில்லை. மைதானத்தில் வாளோடு சத்யப்ரியா முன்னால் வந்தாள். பந்தலில் எல்லாரும் அளவாகத் தட்டினார்கள். மாமா மட்டும் எழுந்து நின்றார். கதிரில் இறங்கிய கிளியை விரட்டுவது போல அப்படி ஒரு தட்டு. அத்தை வேட்டியைப் பிடித்து இழுத்து, "அது நம்ம பிள்ள இல்லய்யா, உக்காருங்க" என்றார்கள். "தெரியும். அந்தப் பிள்ளைக்குக் கைதட்ட அவுக வீட்டுல யாரும் வரலைல" என்றார். நிற்கிறவர் நின்றபடியே இருந்தார்.

பிறகு உங்கள் வரிசை வந்தது. எல்லாரும் ஒரே தொப்பி, ஒரே நடை, மாமாவுக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. தாடையில் இன்னும் லேசாக ஒரு நிறம் மாறிக் கிடக்கிறது. போய்விடும், அவசரப்பட்டு எதையும் பூசாதே. நான் கையைக் காட்டியதும் மாமா பார்த்தார். கைதட்டவில்லை. கண்ணைத் துடைக்கவே அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

திரும்பும் வழியில் டீ குடிக்க நிறுத்தினோம். பக்கத்துப் பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் எங்கள் புதுத்துணியைப் பார்த்து, "கல்யாணத்துக்குப் போயிட்டு வரீங்களா?" என்று கேட்டார். "இல்ல தம்பி, எம்மக இன்னைக்குப் போலீஸ் பரேடுல நடந்தா" என்றார் மாமா. அவர் சந்தோஷம் என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குத் திரும்பினார். மாமா விடவில்லை. "வாளு பிடிச்சு முன்னால போக வேண்டிய பிள்ள. பிடிக்கல" என்று தானாகவே சொன்னார். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அந்த மனிதரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்?" என்று அவர் கேட்டார்.

நாங்கள் மறுபடி வண்டியேற ஒரு மணி நேரம் ஆயிற்று.

உடம்பைப் பார்த்துக்கொள் செல்வி.
மதினி முத்துமீனா